செஞ்சிக் கோட்டை

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் நெடுஞ்சாலையிலே, விழுப்புரம் மாவட்டத்தில், செஞ்சி என்னும் பேரூர் அமைந்துள்ளது. ஊரை நெருங்கும்பொழுதே, பூதம் ஒன்று உருண்டைக் கற்களை அள்ளி வந்து கொட்டியதோ என்று ஐயுறும் வண்ணம், பாறைக் குன்றுகள் சாலையின் இருமருங்கும் தோன்றும். அவற்றுள் மேற்கே நிற்பது இராசகிரி; வடக்கே நிற்பது கிருட்டிணகிரி; தென்கிழக்கே நிற்பது சந்திரகிரி. இம்மூன்று மலைகளையும் மதிலால் இணைத்து முக்கோணமாக அமைத்த அரணே செஞ்சிக் கோட்டை.

பொழுதுபோக்குக்கென்றே பெரும் பூங்காக்கள் பல இந்நாளில் எழுந்துள்ளன. அங்கே செயற்கை அருவி வீழும். இராட்டினம் வானளாவச் சுழலும். அட்டையாலும் சுண்ணத்தாலும் ஆன பொய்க் கோட்டையும் உண்டு. செஞ்சியிலோ காண்பவரை மகிழ்விப்பதற்கென்று கட்டப்பட்டது ஒன்றும் இல்லை. எனினும், விடுமுறை நாள்களில் பள்ளிப் பிள்ளைகள் வண்டி வண்டியாக வந்து இறங்குகின்றனர். பகைவர் ஏறாதிருக்க வகுத்த படிகளில் அவர்கள் பந்தயம் கட்டி ஏறுகின்றனர்!

காலையிலேயே மலையேறத் தொடங்குவது நன்று. வெயில் ஏறினால் பாறை கொதிக்கும். பிற்பகல் முதிர்ந்தபின் மேலே செல்ல இசைவும் கிடையாது. கையில் தண்ணீர் வேண்டும். தின்பண்டத்தை மட்டும் மறைத்து வைத்தல் வேண்டும். கோட்டையை இன்று ஆள்பவை குரங்குகளே ஆதலின், அவை கேளாமலே திறை கொள்ளும்.

இராசகிரியின் உயரம் ஏறத்தாழ 800 அடி. வழியிலே கமலக்கண்ணியம்மன் கோயில் உள்ளது. வாயில் பல கடந்து உச்சியை அணுகும்பொழுது, மலையே பிளந்தாற்போன்ற ஒரு பள்ளம் குறுக்கிடும். அதன் அகலம் 24 அடி. ஆழம் 60 அடி என்பர். அதன்மேல் ஒரு மரப்பாலம். அப்பாலத்தை நீக்கிவிட்டால் உச்சிக்குச் செல்ல வேறு வழியில்லை. அப்பால் உள்ள குறுகிய வாயிலை ஒரு சிலரே நின்று காத்துவிடலாம். உச்சியிலே அரங்கநாதர் கோயிலும், களஞ்சியமும், மழைநீர் தேங்கும் சுனைகளும் உள்ளன. உணவும் நீரும் மேலேயே இருந்தமையால், கீழ்க்கோட்டை வீழ்ந்தாலும் மேற்கோட்டை வாழும்.

மலையடியில் உள்ளவை வேறு வகையான வியப்பைத் தருவன. கல்யாண மகால் என்னும் அரண்மனையின் நடுவே நிலைமேல் நிலையாக ஒரு மாடம் கூர்ங்கூரையோடு எழுந்து நிற்கிறது. மேல்நிலைகளுக்கும் மண்குழாய் வழியாக நீர் ஏற்றினர் என்பது எண்ணி மகிழத்தக்கது. யானைகள் நீராடுதற்கு ஒரு குளம், குதிரைகளுக்கு நெடிய இலாயம், வீரர்க்கு உடற்பயிற்சிக் கூடம், நெல்லுக்கு வளைவுக் கூரைக் களஞ்சியம், வேங்கடரமணர் கோயில், சாதத்துல்லாகான் பள்ளிவாசல் என்று ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஆட்சியின் கைவண்ணமாகும்.

ஆட்சிகளோ பல. ஆனந்தக் கோன் என்பவர் முதலில் அரண் அமைத்தார் என்று பழங்குறிப்புகள் கூறும். பின்னர் விசயநகரத்தார்க்கு அடங்கிய நாயக்கர் ஆண்டனர். 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த பிமெண்டா என்னும் ஏசு சபைத் துறவி, லிசுபன் நகரம் நீங்கலாகப் போர்த்துகல் நாட்டில் இதனையொத்த பெருநகர் இல்லை என்று எழுதினார். நாயக்கருக்குப்பின் பீசப்பூர்ச் சுல்தானிடம் சென்ற கோட்டையை 1677-இல் சிவாசி கைப்பற்றி, மதில்களை வலுப்படுத்தினார்.

அவ்வலிமை பின்னர் அவர் மகன் இராசாராமுக்குப் பயன்பட்டது. மொகலாயப் படைக்குத் தப்பி இராசாராம் இங்கே அடைக்கலம் புகுந்தார். 1690-இல் சுல்பிகர்கான் கோட்டையை முற்றுகையிட்டான். முற்றுகையிட்டவன் படையே சிலபொழுது பசியால் வாடியது. மராட்டியத் தளபதிகள் உணவு வரும் வழிகளை அறுத்தமையால், அவன் ஒருமுறை வந்தவாசிக்குப் பின்வாங்கவும் நேர்ந்தது. 1698-இல் கோட்டை வீழ்ந்தது. இராசாராமோ அதற்குமுன்பே தப்பிச் சென்றுவிட்டார். எட்டாண்டு முற்றுகையின் பயன் வெறுங்கூடே!

இதே கோட்டையை 1750-ஆம் ஆண்டு செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர் ஓர் இரவிலே கொண்டனர். புசி என்னும் தளபதியின் வீரர்கள் வாயிலை வெடிவைத்துத் தகர்த்து, இருளிலேயே மும்மலைகளிலும் ஏறினர். மதில் முன்னிருந்த மதிலே. காத்தவரிடத்தில்தான் மாற்றம் இருந்தது. 1761-இல் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தபின், செஞ்சியும் அவர்கள் கைக்குச் சென்றது.

ஆயினும், இவ்வூர் மக்கள் சிவாசியையும் பேசுவதில்லை, புசியையும் பேசுவதில்லை. அவர்கள் பேசுவது தேசிங்கு ராசனைப் பற்றியே. தேசிங்கு புந்தேலா இராசபுத்திர இளைஞன். வடநாட்டிலிருந்து வந்த குடியினன். தந்தை இறந்தபின் 1714-இல் செஞ்சியின் தலைமை ஏற்றான். நிலுவைத் திறையைச் செலுத்துமாறு ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகான் கேட்டான், தேசிங்கு மறுத்தான். நவாபின் பெரும்படை வந்தது. கோட்டைக்குள் இருந்தே பொருதிருக்கலாம். இராசாராம் எட்டாண்டு நின்ற மதில் அது. தேசிங்கோ வெளியே பாய்ந்தான்! ஆற்றிலே வெள்ளம் பெருகியிருந்தமையால் வீரர் பலர் பின்தங்கினர் என்பர். 1714 அக்டோபர் 3-ஆம் நாள் அவன் களத்தில் மாண்டான்.

மிகக் குறுகிய வாழ்வு அது. எனினும், நாட்டார் அவனுக்குக் கதைப்பாடல் கட்டினர். அப்பாடலிலே மணக்கோலத்தில் இருந்த மோவத்துக்கான், நண்பனுக்காக மணப்பந்தலை விட்டெழுந்து போர்க்களம் புகுகிறான். இந்து அரசனும் இசுலாமிய நண்பனும் ஒரே களத்தில் வீழ்கின்றனர். அருகிலுள்ள சிங்கவரத்து அரங்கநாதர், போருக்கு விடை கேட்ட தேசிங்கைத் தடுக்க எண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்ற கதையும் வழங்குகிறது. செட்டிகுளத்தின் கரையிலுள்ள மேடையைக் காட்டி, அவன் உடல் எரிந்த இடம் இதுவே என்றும், இளம் மனைவியும் உடன் எரிந்தாள் என்றும் ஊரார் சொல்வர். அங்கே நின்று கேட்போர் வீரத்தை வியப்பதா, அப்பெண்ணுக்காக இரங்குவதா என்று தடுமாறுவர்.

2025 சூலையில் யுனெசுகோ நிறுவனம் மராட்டியர் தொடர்புடைய 12 கோட்டைகளை உலக மரபுச் சின்னங்களாக ஏற்றது. பதினொன்று மகாராட்டிரத்தில் உள்ளன. எஞ்சிய ஒன்று செஞ்சி.

கோட்டையின் செல்வங்களுள் சில கோட்டையை விட்டே சென்றன. பிரெஞ்சுக்காரர் செஞ்சியிலிருந்து சிற்பத்தூண்கள் சிலவற்றைப் புதுச்சேரிக்குக் கொண்டுசென்றனர். இன்று கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சூழ நிற்பவை அத்தூண்களே. மாலைதோறும் காற்று வாங்க வருவோர் அவற்றின் அடியில் அமர்கின்றனர். பிள்ளைகள் அவற்றைச் சுற்றி ஓடி விளையாடுகின்றனர்.