சிகாகோ பையனா, சான் ஹோசே பையனா?

கேள்வி: ஐஸ் ஹாக்கியில் கானர் பெடார்ட், மாக்லின் செலிப்ரினி இருவரில் யார் பெரிய ஆளாக வருவார்?

பதில்: இருவருமே கனடாவின் வான்கூவர் பக்கத்துப் பிள்ளைகள். அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2023-ல் முதல் ஆளாக பெடார்டை சிகாகோ அணி எடுத்தது. 2024-ல் செலிப்ரினியை சான் ஹோசே. முதல் சீசன் கணக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: அவர் 68 ஆட்டங்களில் 61 புள்ளிகள், இவர் 70-ல் 63. நடுவில் தாடை உடைந்து உட்கார்ந்தவர் பெடார்ட், அதையும் சொல்ல வேண்டும். அவர் மட்டையைச் சுண்டினால், கோல்கீப்பர் சுதாரிப்பதற்குள் ரப்பர் வட்டு வலைக்குள் கிடக்கும். அந்த மணிக்கட்டு வித்தை செலிப்ரினிக்கு அவ்வளவாக இல்லை. ஆனால் சென்டர் ஆடுபவர் கோல் அடித்தால் போதாது, வட்டு பறிபோனால் ஓடிவந்து மறிக்கவும் வேண்டும். அதைச் சலிக்காமல் செய்கிறார் செலிப்ரினி. என் ஓட்டு அவருக்கே. டிக்கெட் வாங்கிப் பார்ப்பதென்றால் மட்டும் பெடார்ட்!