தந்தி மூவிசை

மேலைத்தேய சாஸ்திரிய இசையில் ‘ஸ்ட்ரிங் ட்ரையோ’ என வழங்கும் வடிவத்தை நாம் தந்தி மூவிசை எனலாம். வயலின், வியோலா, செலோ ஆகிய மூன்று கருவிகளே பெரும்பாலும் இதில் ஒலிக்கும். எம் மாணவர் பலர் வயலின் பயில்வதால் அதனை அறிமுகஞ் செய்ய வேண்டியதில்லை. வியோலா அதனிலும் சற்றுப் பெரியது, சுருதியில் தாழ்ந்தது. செலோவின் தந்திகள் வியோலாவின் தந்திகளுக்கு ஒரு ஸ்தாயி கீழே சுருதி சேர்க்கப்படுவன.

பல சுரங்களை ஒருங்கே அடுக்கி ஒலிக்கச் செய்வது மேலைத்தேய மரபு. அவ்வடுக்குப் பெரும்பாலும் நான்கு குரல்களுக்கென அமைவது. இரண்டு வயலின்கள் உள்ள நால்வர் குழுவுக்கு இது எளிது. மூவர் குழுவிலோ ஒருவர் ஓய்ந்தால் இருவரே எஞ்சுவர். ஆதலால் ஒரே வில்லால் இரு தந்திகளை ஒருசேர மீட்டி அக்குறையை நிரப்புவர். மறைந்து நிற்க எவருக்கும் இடமில்லை.

மொசார்ட் 1788இல் வியன்னாவில் இயற்றிய ‘டிவெர்ட்டிமெண்டோ’ ஆறு பகுதிகளையுடையது. தமக்குக் கடன் கொடுத்துதவிய நண்பர் புக்பெர்க்கிற்காக அதனை எழுதினார். பெயர் பொழுதுபோக்கு இசையைக் குறிப்பினும், உள்ளே ஆழ்ந்த துயரமும் உண்டு. பீத்தோவன் 1798இல் மூன்று மூவிசைகளை வெளியிட்டார். பின்னர் இவ்வடிவத்தை அவர் நாடவில்லை.

எமது மாணவர்கள் தவறாது கேட்க வேண்டியது கிடியோன் கிளைனின் மூவிசை. மொறாவியாவில் 1919இல் பிறந்த இவ்யூத இளைஞர் தேர்ந்த பியானோக் கலைஞர். 1941 டிசம்பரில் நாசிகள் அவரைத் தெரெசின் முகாமில் அடைத்தனர். அங்கிருந்தே 1944 ஒக்டோபரில் இம்மூவிசையை எழுதி முடித்தார். அதன் நடுப்பகுதி தம் பிறந்த மண்ணின் நாட்டார் பாடல் ஒன்றை எடுத்துப் பலவாறு மாற்றி வளர்ப்பது. கீர்த்தனையில் சங்கதிகள் வளர்வதை அறிந்த எமக்கு இம்முறை அந்நியமன்று. எனினும் இங்கே மெட்டு மட்டுமன்றி நடையும், உடன் ஒலிக்கும் குரல்களும் மாறிக்கொண்டே செல்கின்றன. முதலும் முடிவுமான பகுதிகள் துள்ளலும் விரைவுமாய் அமைய, இந்நடுப்பகுதியே மூன்றிலும் நீண்டது.

எழுதி முடித்த சில நாட்களில் அவர் அவுஷ்விற்ஸுக்கு அனுப்பப்பட்டார். 1945 ஜனவரியில், இருபத்தைந்தாவது வயதில், நிலக்கரிச் சுரங்க முகாமொன்றில் மாண்டார். தெரெசினில் விட்டுச்சென்ற கைப்பிரதிகள் போர் முடிந்தபின் அவருடைய சகோதரியின் கைக்கு வந்து சேர்ந்தன.