சிட்டாவின் ஒரு வரியும் கணிப்பொறியின் ஒரு பொருளும்

நிலமுள்ள வீடுகளில் டிரங்குப் பெட்டியின் அடியில் ஒரு தாள் பத்திரமாக இருக்கும். சிட்டா நகல் என்பர். பட்டா எண், உரிமையாளர் பெயர், புல எண், உட்பிரிவு எண், பரப்பு, தீர்வை ஆகியன அதில் கட்டம் கட்டமாக அமைந்திருக்கும். தமிழ்நாட்டில் இவ்விவரங்கள் இன்று கணிப்பொறியில் ஏறிவிட்டன. இணையத்திலேயே நகல் எடுத்துக் கொள்ளலாம். அத்தாளின் ஒரு வரியை நிரலுக்குள் எவ்வடிவில் கொண்டு செல்வது என்பதே இங்கு நாம் ஆராய வேண்டிய கேள்வி.

செய்திகள் யாவற்றையும் அட்டவணைகளாக வைக்கலாம் என்ற கொள்கையை 1970-இல் ஐ.பி.எம். ஆய்வாளர் எட்கர் காட் வெளியிட்டார். பொருள்சார் நிரலாக்கமோ 1960-களில் நார்வே நாட்டில் உருவான சிமுலா மொழியில் வேர் கொண்டது. அட்டவணையின் வரி வெறும் விவரம். பொருள் என்பதோ விவரத்தையும் அதைக் கையாளும் முறைகளையும் சேர்த்து வைத்திருப்பது. இவ்விரண்டும் சந்திக்குமிடத்தில்தான் சிக்கல் எழுகிறது.

எளிய வழி, பொதுப் பதிவுப் பொருள். இதனை ஒரு மஞ்சள் பை எனலாம். கட்டத்தின் பெயரைச் சொன்னால் அதன் மதிப்பை எடுத்துத் தரும். பைத்தானின் டிக்ஷனரி, ஜாவாவின் ஹாஷ்மேப் ஆகியவற்றைக் கொண்டு இதனை அமைக்கலாம். விஷுவல் பேசிக்கில் எழுதியோர் 1990-களில் பயன்படுத்திய ரெக்கார்ட்செட்டும் ஏறத்தாழ இவ்வகையே. எந்த அட்டவணைக்கும் ஒரே வகுப்புப் போதும். நாளை புதிய கட்டம் ஒன்று சேர்ந்தாலும் பை அதனையும் ஏற்றுக் கொள்ளும். பட்டியல் அச்சிட இதைவிட வசதி வேறில்லை.

செய்முறைப் பயிற்சிக்காக எங்கள் வீட்டுச் சிட்டாவையே எடுத்துக் கொண்டு, நானும் இவ்வழியில்தான் எழுதினேன். பரப்புக் கட்டத்தில் '0 - 8.50' என்றிருந்தது. அதாவது 0 ஹெக்டேர், 8.50 ஏர். நூறு ஏர் கொண்டது ஒரு ஹெக்டேர். ஆகவே இது 0.0850 ஹெக்டேர். நானோ இரண்டையும் ஒட்டி 0.850 என்று கணக்கிட்டுவிட்டேன். இருபத்தொரு சென்ட் நிலம் இரண்டு ஏக்கர் பத்து சென்டாகித் திரையில் நின்றது. பிழைச் செய்தி ஏதும் வரவில்லை. திரையில் வந்ததைப் படித்துச் சொன்னபோது அப்பா சிரித்துவிட்டு, "இவ்வளவு இருந்தா நான் ஏன்டா அம்பத்தூருக்கு ஷிப்டுக்குப் போறேன்?" என்றார். பிழையை முதலில் கண்டவர் அவரே.

பை எதையும் கேள்வி கேட்பதில்லை. 'பரப்பு' என்பதை எழுத்துப் பிழையோடு கேட்டால் ஹாஷ்மேப் வெறுமையைத் திருப்பித் தரும். புல எண்ணும் உட்பிரிவும் சேர்ந்த 12/10 என்பதைத் தசம எண்ணாக 12.10 என்று வைத்தால் அது 12.1 ஆகிவிடும்; 12/1 அடுத்தவருடைய நிலம். விரிதாளில் இட்டாலோ அதுவே தேதியாக மாறிவிடக் கூடும். எங்கள் திருநின்றவூரைப் போல வயல்கள் மனைகளாகப் பிரிந்து, உட்பிரிவுகள் பெருகும் ஊர்களில் இது சிறு பிழையன்று.

எனவே இரண்டாம் முறை, பரப்பு என்று தனி வகுப்பே அமைத்தேன். ஹெக்டேரும் ஏரும் அதில் தனித்தனியே இருக்கும். ஏர் நூறை எட்டினால் ஏற்காது. உட்பிரிவு எண்ணை எழுத்துத் தொடராகவே வைத்தேன். உட்பிரிவுகளின் கூட்டுத்தொகை தாய்ப் புலத்தின் பரப்புக்குச் சமமா என்று பார்க்கும் முறைக்கும் இப்போது ஓர் இருப்பிடம் கிடைத்தது.

நாற்பது அட்டவணைகளுக்கு நாற்பது வகுப்புகளா என்று நண்பர்கள் கேட்டனர். நியாயமான கேள்விதான். 2004-இல் வெளிவந்த ரூபி ஆன் ரெயில்ஸ், கட்டங்களின் பெயரையும் வகையையும் அட்டவணையிலிருந்தே படித்துக் கொள்கிறது. 2021-இல் ஜாவா 16 பதிப்பில் நிலைபெற்ற ரெக்கார்ட் அமைப்பும் எழுதும் சுமையைப் பெரிதும் குறைக்கிறது. ஆயினும் ஏர் என்றால் என்னவென்று இவை அறியா; அதனை நாமே எழுத வேண்டும். என் கருத்தில், வாசலிலும் அச்சுப் பட்டியலிலும் பை இருக்கட்டும். நிலத்தைக் கூட்டிப் பிரித்துப் பெயர் மாற்றும் இடத்தில் தனி வகுப்பே தேவை.

குறிப்புரை என்னும் கடைசிக் கட்டத்தை மட்டும் நான் இன்னும் பையிலேயே விட்டு வைத்திருக்கிறேன். அதில் வருவது தேதியா, ஆணை எண்ணா என்பது வரிக்கு வரி மாறுகிறது.