படர்தாமரையும் கடைக் களிம்பும்
நாள் முழுதும் சேற்றில் நின்று, ஈரத்துணியோடு வேலை செய்பவர்களுக்குத் தொடை இடுக்கிலும் இடுப்பிலும் படர்தாமரை வருவது சகஜம். வட்டமாகப் படரும், ஓரம் தடித்துச் செதில் உதிரும். உடனே கடையில் கேட்டு ஒரு களிம்பைப் பூசுகிறோம். அவற்றில் பல, ஸ்டீராய்டு கலந்தவை. அரிப்பு இரண்டொரு நாளில் அடங்கும். பூஞ்சாணம் சாகாது, மேலும் பரவும்.

அரைகுறை வைத்தியத்தில் தப்பிய பூஞ்சாணமே பிறகு பெருகுகிறது. ஒரே பூச்சிமருந்தைத் திரும்பத் திரும்ப அடித்த வயலில் நடப்பதும் இதுதானே! 2020ல் டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே எனப் பெயரிடப்பட்ட இனம், டெர்பினாஃபின் மாத்திரைக்கும் பல சமயம் அடங்குவதில்லை.

தோல் மருத்துவரிடம் காட்டி, தழும்பு மறைந்தாலும் அவர் சொன்ன நாள்வரை மருந்தைத் தொடர வேண்டும். வீட்டில் மற்றவருக்கும் இருந்தால் சேர்ந்தே வைத்தியம் செய்யவும். துண்டு, உள்ளாடைகளைத் தனியே துவைத்து வெயிலில் உலர்த்தவும்.

மாட்டுக் கொட்டிலிலும் கவனம் தேவை. கன்றின் கண்ணைச் சுற்றிச் சாம்பல் நிறப் பொருக்கு கண்டால் வெறுங்கையால் தொடாதீர்கள். அதுவும் மனிதருக்குத் தொற்றும்.