பவர் ராட்செட்டும் பெட்டியில் அச்சான எண்களும்

பாட்டரியில் இயங்கும் பவர் ராட்செட்டுகளை ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் இரண்டு எண்களை மட்டும் பார்க்கிறார்கள். ஒன்று வோல்ட், மற்றொன்று டார்க் எனப்படும் முறுக்குவிசை. இவ்விரண்டையும் வைத்து உருவான நம்பிக்கைகள் மெக்கானிக் பட்டறைகளிலும் கருவிக் கடைகளிலும் வழக்காகிவிட்டன. அவற்றுள் பல பாதி உண்மை. சில முழுத் தவறு. அவற்றைச் சரிபார்ப்பதற்கு முன், கருவியின் உட்பொறியைச் சற்று அறிந்துகொள்வது நலம்.

பெரும்பாலான மாதிரிகளில், மோட்டாரின் வேகமான சுழற்சி முதலில் கோள் பற்சக்கரத் தொகுதியில், அதாவது நடுச் சக்கரம் ஒன்றைச் சுற்றிச் சிறு சக்கரங்கள் உருளும் அமைப்பில், வேகம் குறைந்து வலுக் கூடுகிறது. அதன் பின், மையம் விலகிய முளை ஒன்று தலைப்பகுதியிலுள்ள கவை வடிவ உறுப்பை இடமும் வலமுமாக ஆட்ட, அந்த ஆட்டத்தை ஒரு திசையில் மட்டும் பற்றிக்கொள்ளும் சிறிய பிடிநாக்கு, பாக்ஸ் மாட்டப்படும் சதுர முனையைச் சிறுசிறு படியாகத் திருப்புகிறது. மோட்டார் எவ்வளவு வலுவானதாயினும், கடைசியில் சுமையைத் தாங்குவது விரல் பருமனே உள்ள இடத்துக்குள் அடங்கிய கவையும் நாக்கும்தான். கருவியின் உண்மையான எல்லை பாட்டரியைக் காட்டிலும் தலையில் இருக்கிறது என்பதை மறந்ததாலேயே பின்வரும் நம்பிக்கைகளில் பல தோன்றின.

நம்பிக்கை: வோல்ட் கூடினால் வலுவும் கூடும்.

பாட்டரியின் வோல்ட் என்பது உள்ளே எத்தனை லித்தியம் அயனிக் கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டுள்ளன என்பதை மட்டுமே சொல்கிறது. ஒரு கலத்தின் இயல்பு மின்னழுத்தம் சுமார் 3.6 வோல்ட். மூன்று கலங்கள் சேர்ந்தால் 10.8 வோல்ட், அதுவே முழுச் சார்ஜில் 12-ஐத் தொடுவதால் 12 வோல்ட் என்று விற்கப்படுகிறது. ஐந்து கலங்கள் சேர்ந்தால் 18 வோல்ட். அதே ஐந்து கலங்களின் முழுச் சார்ஜ் அளவைக் குறித்தால் 20 வோல்ட். டிவால்ட் நிறுவனம் ஒரே வகைப் பாட்டரியை அமெரிக்காவில் 20 வோல்ட் என்றும் ஐரோப்பாவில் 18 வோல்ட் என்றும் பெயரிட்டு விற்பது இதனால்தான். ஆகவே 18-ஐ விட 20 வலுவானது என்று கருதிக் கூடுதல் விலை கொடுப்பவர் அச்சு மைக்குத்தான் விலை கொடுக்கிறார்.

12-க்கும் 18-க்கும் இடையே உள்ள வேறுபாடு உண்மையானது. ஆனால் அதுவும் முறுக்குவிசையைத் தீர்மானிப்பதில்லை. மில்வாக்கி நிறுவனத்தின் எம்12 ஃப்யூல் வரிசையில் வந்த மூன்று நூல், அதாவது 3/8 அங்குலச் சதுர முனை கொண்ட 12 வோல்ட் ராட்செட்டுக்கு 55 அடி-பவுண்டு, ஏறத்தாழ 75 நியூட்டன்-மீட்டர், முறுக்குவிசை குறிக்கப்பட்டிருந்தது. மகிட்டாவின் 18 வோல்ட் ராட்செட்டான டிடபிள்யூஆர்180-க்கோ 47.5 நியூட்டன்-மீட்டர்தான். வோல்ட் குறைந்த கருவி இங்கே ஒன்றரை மடங்கு முறுக்குகிறது. அதே மில்வாக்கியின் சாதாரண எம்12 ராட்செட், அதே 12 வோல்ட் பாட்டரியைப் போட்டுக்கொண்டு, 35 அடி-பவுண்டோடு நின்றுவிடுகிறது. மோட்டார் வகையும் பற்சக்கர விகிதமும் தலையின் வலிமையும் சேர்ந்து இந்த எண்ணை உண்டாக்குகின்றன. வோல்ட் அவற்றுள் ஒரு காரணி, அவ்வளவே.

நம்பிக்கை: டார்க் எண் பெரியதாக இருக்கும் கருவியே நல்ல கருவி.

மேற்சொன்ன ஒப்பீட்டில் மகிட்டா தோற்றதாகத் தோன்றும். ஆனால் அதன் சுழல்வேகம் நிமிடத்துக்கு 800 வரை, எம்12 ஃப்யூலின் வேகமோ 200. பற்சக்கரங்கள் வேகத்தைக் கொடுத்து விசையை வாங்குகின்றன, அல்லது விசையைக் கொடுத்து வேகத்தை வாங்குகின்றன. இரண்டையும் இலவசமாகத் தருவதில்லை. எனவே எது நல்லது என்ற கேள்விக்கு முன், பவர் ராட்செட் எந்த வேலைக்காக வாங்கப்படுகிறது என்ற கேள்வி எழுகிறது.

எட்டு மில்லிமீட்டர் விட்டமுள்ள சாதாரண போல்ட்டின் மரை இடைவெளி 1.25 மி.மீ. அது மரையில் 30 மி.மீ. உள்ளே இறங்கியிருந்தால், வெளியே எடுக்க 24 சுற்று தேவை. 72 பற்கள் கொண்ட கை ராட்செட் ஒரு பல்லுக்கு 5 பாகை நகரும். எனினும் இன்ஜினுக்கும் ஃபயர்வாலுக்கும் இடையே கை 30 பாகைதான் வீச முடியும் என்றால், ஒரு சுற்றுக்கு 12 வீச்சு, 24 சுற்றுக்கு 288 வீச்சு. அதே போல்ட், சுமையின்றிச் சுழலும் வேகத்தைக் கணக்கிட்டால், 200 வேகத்தில் ஏறத்தாழ 7 வினாடியிலும், 800 வேகத்தில் 2 வினாடிக்கும் குறைவாகவும் வெளியே வந்துவிடும். ஒரு கியர்பாக்ஸ் மூடியைச் சுற்றிப் பத்துப் பதினைந்து போல்ட்டுகள் இருக்கும்போது இந்த வேறுபாடு மெக்கானிக்கின் மணிக்கட்டில் தெரியும். போல்ட்டின் இறுக்கம் முதல் கால் சுற்றிலேயே விட்டுப்போகிறது. மீதி இருபத்து மூன்றே முக்கால் சுற்றும் வெறும் வேலை. அந்த வெறும் வேலைக்காகவே இந்தக் கருவி பிறந்தது. ஆதலால் டார்க் எண்ணை முதலில் பார்ப்பவர்கள் கருவியின் இரண்டாம் பணியை வைத்து முதல் பணியை மதிப்பிடுகிறார்கள்.

அவ்வாறாயின் 800 வேகமே சிறந்தது என்று முடிவு கட்டிவிடவும் இயலாது. அரிப்பும் வண்ணப்பூச்சும் பிடித்த மரைகளில் போல்ட் வழி முழுதும் இறுக்கமாகவே வரும். அங்கே வேகக் கருவி திணறி நிற்கும்போது, மெதுவான கருவி தொடர்ந்து சுழலும். சேஸிஸுக்கு அடியிலும் சைலன்சர் பக்கமும் அதிகம் வேலை செய்பவருக்கு விசை மிகுந்ததும், இன்ஜின் மேற்பகுதி, டாஷ்போர்டு, பைக் வேலை பார்ப்பவருக்கு வேகம் மிகுந்ததும் பொருந்தும்.

ஒப்பீட்டுப் பட்டியல்களில் அரிதாகவே இடம்பெறும் மற்றோர் அளவு, தலையின் தடிமன். சதுர முனையின் பின்புறத்திலிருந்து பாக்ஸின் வாய் வரை உள்ள உயரம் இடைவெளியை விடச் சில மில்லிமீட்டர் கூடினாலும் கருவி உள்ளே நுழையாது. நுழையாத கருவியின் முறுக்குவிசை பூச்சியம்.

நம்பிக்கை: பவர் ராட்செட் என்பது இம்பாக்ட் ரென்ச்சின் சிறிய வடிவம், எந்த நட்டையும் கழற்றும்.

இரண்டும் அடிப்படையிலேயே வேறு. இம்பாக்ட் ரென்ச்சில் மோட்டார் ஓர் எஃகுச் சுத்தியைச் சுழற்றி, முனையின் மீது மீண்டும் மீண்டும் மோதச் செய்கிறது. ஒவ்வொரு மோதலும் மிகக் குறுகிய நேரமே நீடிப்பதால், நட்டின் மீது பெரும் விசை விழுந்தாலும் கைப்பிடியில் உணரப்படும் எதிர்விசை குறைவு. சாதாரணப் பவர் ராட்செட்டில் மோதல் இல்லை. முனையில் எவ்வளவு முறுக்கோ அவ்வளவும் எதிர்த்திசையில் பிடித்திருக்கும் கைக்குத் திரும்பி வருகிறது. 75 நியூட்டன்-மீட்டர் கருவியை முனையிலிருந்து 20 செ.மீ. தள்ளிப் பிடித்திருப்பவரின் கையில் 375 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 38 கிலோ எடைக்குச் சமமான விசை, ஒரு நொடிக்குள் வந்து மோதும். போல்ட்டின் தலை உட்கார்ந்த அந்த நொடியில் டிரிகரை விடாவிட்டால், கருவியின் பிடிக்கும் ரேடியேட்டர் தாங்கிக்கும் இடையே விரல்கள் நசுங்கும். பவர் ராட்செட்டால் காயம் ஏற்படும் வழிகளுள் இது முக்கியமானது. பெட்டியில் பெரிதாக அச்சான டார்க் எண் உண்மையில் ஓர் எச்சரிக்கை எண்ணும் ஆகும்.

சக்கர நட்டுகளுக்குக் கார்களில் பொதுவாக 100 நியூட்டன்-மீட்டர் அளவில் இறுக்கம் தரப்படுகிறது. துருப்பிடித்தபின் கழற்ற அதைவிடக் கூடுதலாக வேண்டும். பவர் ராட்செட் இதற்கு உரியதன்று. டிரிகரை அழுத்தாமல் கை ராட்செட் போல வைத்துத் திருப்பி இறுக்கத்தை விடுவிக்கலாம் என்பது உண்மை. பல மாதிரிகளில் நாக்கு தானே பூட்டிக்கொண்டு அதற்கு இடம் தரும். அதற்கும் தயாரிப்பாளர் ஓர் எல்லை வைத்திருப்பார். பட்டறை வழக்கப்படி பிடியில் குழாயைச் செருகி நெம்பினால் முதலில் உடைவது கவை. அடுத்தது பிளாஸ்டிக் உறை. இறுகிய நட்டை நீண்ட பிடியுள்ள சாதாரண ஸ்பேனரால் முதலில் இளக்கிவிட்டு, அதன்பின் பவர் ராட்செட்டை எடுப்பதே கருவியையும் கையையும் காக்கும் முறை.

நம்பிக்கை: இறுக்கத்தைக் கருவியே பார்த்துக்கொள்ளும்.

ஸ்குரூ டிரைவர் டிரில்லில் இருப்பது போன்ற, குறித்த இறுக்கம் வந்ததும் வழுக்கிவிடும் கிளட்ச் பவர் ராட்செட்டில் வழக்கமாக இருப்பதில்லை. மோட்டார் திணறி நிற்கும்வரை அது முறுக்கிக்கொண்டே போகும். 8.8 தர எஃகுப் போல்ட்டுகளில் 6 மி.மீ. விட்டத்துக்கு ஏறத்தாழ 10 நியூட்டன்-மீட்டரும், 8 மி.மீ.க்கு 25-உம், 10 மி.மீ.க்கு 50-உம் பொதுவான அளவுகள். வலுக் குறைந்தவற்றுள் ஒன்றான 47 நியூட்டன்-மீட்டர் கருவிகூட 6 மி.மீ. போல்ட்டுக்குத் தேவையைப் போல நான்கு மடங்குக்கு மேல் முறுக்க வல்லது. போல்ட் அறுந்தால் நல்ல காலம். போல்ட் தாங்கி, அலுமினிய இன்ஜின் உடலின் மரை உரிந்து வந்தால் செலவு பல மடங்கு. ஸ்பார்க் பிளக்கில் இந்த ஆபத்து இன்னும் அருகில் இருக்கிறது: அலுமினிய ஹெட்டில் 14 மி.மீ. மரையுள்ள பிளக்குக்கு 25 முதல் 30 வரையும், பைக்குகளில் காணும் 10 மி.மீ. பிளக்குக்கு 10 முதல் 12 நியூட்டன்-மீட்டர் வரையுமே தேவை.

கை அனுபவம் போதும் என்பாரும் உண்டு. போல்ட்டை இறுக்கும்போது செலுத்தும் முறுக்கில் ஏறத்தாழ பாதி தலைக்கடியிலுள்ள உராய்விலும், பத்தில் நான்கு பங்கு மரை உராய்விலும் செலவாகி, மீதி ஒரு பங்கே போல்ட்டை இழுத்துப் பிடிக்கும் விசையாகிறது. மரையில் எண்ணெய் பட்டிருப்பதும் படாததும் அந்த ஒரு பங்கைப் பெரிதாக மாற்றிவிடும். உற்பத்தியாளர் தந்த அளவை, அவர் சொன்ன உலர்ந்த அல்லது எண்ணெயிட்ட நிலையில், டார்க் ரென்ச்சால் வைப்பதற்குக் காரணம் இதுதான். ஐ.எஸ்.ஓ. 6789 தரப்படி, 10 நியூட்டன்-மீட்டருக்கு மேல் அளக்கும் ‘கிளிக்’ வகை டார்க் ரென்ச்சுக்கு அனுமதிக்கப்படும் பிழை நூற்றுக்கு 4. எந்தப் பவர் ராட்செட்டின் டிரிகரும், எந்த அனுபவ விரலும் இதற்கு அருகில் வருவதில்லை.

நம்பிக்கை: பெரிய பாட்டரி போட்டால் கருவியின் வலுக் கூடும், பாட்டரி முழுதும் தீர்ந்த பின்பே சார்ஜ் போட வேண்டும்.

முன்னதில் உண்மை உண்டு. 4 ஆம்பியர்-மணிப் பாட்டரியில் கலங்கள் இரண்டிரண்டாகப் பக்கவாட்டில் இணைந்திருந்தால், சுமை ஏறும்போது மின்னழுத்தம் குறைவாகவே தாழும். கருவி சற்றே திடமாக இயங்கும். ஆனால் பவர் ராட்செட் செல்லும் இடுக்கில் பாட்டரியின் தடித்த அடிப்பகுதியே இடிக்கும். பெரும்பாலோர்க்கு ஒல்லியான 2 ஆம்பியர்-மணிப் பாட்டரிகள் இரண்டு, தடித்த ஒன்றைவிடப் பயன்படும். பின்னது நிக்கல்-காட்மியம் காலத்தின் மிச்சம். லித்தியம் அயனிக் கலம் முழுதும் வற்றுவதால் கெடுமேயன்றி வளராது. 45 பாகை செல்சியசுக்கு மேல் சார்ஜ் செய்வதும் கெடுதல். சித்திரை வெயிலில் காய்ந்த தகரக் கூரையின் கீழ், வேலையில் சூடேறிய பாட்டரியை அப்படியே சார்ஜரில் செருகுவது அதன் ஆயுளைக் குறைக்கும்.

நம்பிக்கை: கம்ப்ரசர் காற்றில் ஓடும் ராட்செட் இனிப் பழம்பொருள்.

காற்று ராட்செட் திணறி நின்றாலும் சூடாவதில்லை. மின் மோட்டார் திணறும்போது மிகுதியான மின்னோட்டத்தை இழுத்துச் சுருள்களைச் சூடாக்கிக்கொள்கிறது. காற்று ராட்செட்டுக்கு எடை குறைவு, விலை குறைவு, பாட்டரி தேய்மானம் இல்லை. 90 பி.எஸ்.ஐ. அழுத்தம் சீராக வரும் கம்ப்ரசரும், காற்றிலுள்ள நீரைப் பிரிக்கும் வடிகட்டியும், அன்றாடம் சில சொட்டு எண்ணெயும் உள்ள நிலையான பட்டறையில் அதைக் கைவிடக் காரணம் ஏதுமில்லை. குழாய் எட்டாத இடத்திலும், வழியில் நின்ற வண்டியிடமும்தான் பாட்டரி ராட்செட் வெல்கிறது.

இருசக்கர வண்டிகளும் சிறு கார்களும் வரும் பட்டறைக்கு, மூன்று நூல் சதுர முனையும், 50 நியூட்டன்-மீட்டருக்குள் முறுக்கும், ஒல்லியான தலையும், டிரிகரின் அழுத்தத்துக்கேற்ப வேகம் மாறும் வசதியும் உள்ள பவர் ராட்செட் போதுமானது. 75-ஐத் தாண்டும் தேவை எழும்போது அந்த வேலை இம்பாக்ட் ரென்ச்சுக்கு உரியது. பவர் ராட்செட், டார்க் ரென்ச் ஆகிய இரண்டில் ஒன்றுக்கே கையில் பணம் இருக்குமாயின், டார்க் ரென்ச்சை முதலில் வாங்குவதே முறை.