ஓ.பி.டி. காலத்தில் ஆராய்ச்சி வேலை: எந்தக் கதவைத் தட்டுவது?

அமெரிக்காவில் முதுகலையோ பிஎச்.டி.யோ முடிக்கப்போகும் நம் மாணவர்கள் ஆராய்ச்சி வேலை தேடும்போது முதலில் பார்ப்பது சம்பளம். அடுத்து ஊர், அதற்கடுத்து பேராசிரியரின் பெயர். மூன்றும் முக்கியம்தான். ஆனால் எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர் இவற்றுக்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: வேலை கொடுப்பவர் எந்த வகை நிறுவனம்? பல்கலைக்கழகமா, லாப நோக்கற்ற ஆய்வு நிறுவனமா, அரசு ஆய்வகமா, கம்பெனியா? குடியேற்றச் சட்டம் இந்த நான்கையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. அதனால் சம்பளத்தைவிட இந்தக் கேள்விக்கான விடைதான் உங்கள் அடுத்த சில வருடங்களை அதிகம் தீர்மானிக்கும்.

கையில் உள்ள காலம்

படிப்பு முடிந்ததும் வேலை செய்யக் கிடைக்கும் அனுமதியான ஓ.பி.டி. 12 மாதம். உங்கள் பட்டம் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருந்தால் இன்னும் 24 மாதம் நீட்டிக்கலாம். பட்டியலில் இருக்கிறதா என்பதைத் துறையின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஐ-20 படிவத்தில் பாடப்பிரிவைக் குறிக்கும் சி.ஐ.பி. எண்ணைப் பாருங்கள். பொதுப் பொருளாதாரத்துக்கான 45.0601 பட்டியலில் இல்லை, எக்கனாமெட்ரிக்ஸுக்கான 45.0603 இருக்கிறது. ஒரே துறைக் கட்டடத்தில் படித்த இருவரில் ஒருவருக்கு ஒரு வருடமும் மற்றவருக்கு மூன்று வருடமும் கிடைப்பது இதனால்தான்.

முதல் 12 மாதத்தில் வேலையில்லாமல் இருக்க மொத்தம் 90 நாள் அனுமதி. நீட்டிப்பு கிடைத்தால் இரண்டு காலத்துக்கும் சேர்த்து 150 நாள். வேலை படித்த துறையோடு தொடர்புடையதாகவும், வாரம் குறைந்தது 20 மணி நேரமாகவும் இருக்க வேண்டும். ஸ்டெம் நீட்டிப்பில் நிபந்தனை கூடுகிறது: வேலை கொடுப்பவர், ஊழியர்களின் வேலை அனுமதியைச் சரிபார்க்கும் அரசின் ஈ-வெரிஃபை முறையில் பதிந்திருக்க வேண்டும், ஐ-983 பயிற்சித் திட்டத்தில் கையெழுத்திட வேண்டும், சம்பளம் தர வேண்டும்.

லேபில் சம்பளமில்லாமல் சேரும் யோசனை பலருக்கு வரும். முதல் 12 மாதத்தில், தொழிலாளர் சட்டத்தை மீறாத உண்மையான தன்னார்வப் பணி என்றால் அது கணக்கில் சேரும். 90 நாள் கரைவதும் நிற்கும். நீட்டிப்புக் காலத்தில் இந்த வழி அடைபட்டுவிடும். ஆகவே சம்பளமில்லாத லேபில் சேருவோர், சம்பளம் எந்த மாதத்திலிருந்து என்பதை முதல் நாளே பேசிவிடுவது நல்லது.

பல்கலைக்கழகம்

ஓ.பி.டி.க்குப் பின் பலரும் நாடும் எச்-1பி வேலை விசாவுக்கு ஆண்டு உச்சவரம்பு 65,000. அமெரிக்க முதுகலை அல்லது அதற்கு மேற்பட்ட பட்டம் பெற்றவர்களுக்கு இன்னும் 20,000. மார்ச்சில் பதிவு செய்து, லாட்டரியில் தேர்வானால் அக்டோபரில் தொடங்கும் இந்த வரிசை கம்பெனிகளுக்கானது. பல்கலைக்கழகங்களும் அவற்றோடு இணைந்த லாப நோக்கற்ற அமைப்புகளும் உச்சவரம்புக்கு வெளியே இருக்கின்றன. அவை ஆண்டின் எந்த மாதத்திலும் மனுப் போடலாம். லாட்டரி இல்லை.

பலவீனம் பணத்தில் இருக்கிறது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனமான என்.ஐ.எச். 2024இல் தன் பயிற்சி உதவித்தொகைக்கு வைத்த முதல்நிலை போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வாளர்) ஆண்டுத் தொகை 61,008 டாலர். பல பல்கலைக்கழகங்கள் இதையே அளவுகோலாகக் கொள்கின்றன. பாஸ்டனிலும் சான் ஃபிரான்சிஸ்கோவிலும் வாடகை கொடுத்தபின் இதில் மிச்சம் பிடிப்பது கடினம். லேபின் ஆயுளும் மானியத்தோடு கட்டப்பட்டது. 2025இல் பல மானியங்கள் பாதியில் நிறுத்தப்பட்டதைப் பார்த்தோம். பேராசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்புமுன் என்.ஐ.எச். ரிப்போர்ட்டர் தளத்திலும் தேசிய அறிவியல் அறக்கட்டளையான என்.எஸ்.எஃப்.பின் விருதுத் தேடலிலும் அவர் பெயரைத் தேடுங்கள். எந்த மானியம் எந்தத் தேதியில் முடிகிறது என்பது அங்கே எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. எட்டு மாதத்தில் முடியும் ஒற்றை மானியத்தை நம்பிய லேபுக்கும், நான்கு வருடம் பாக்கியுள்ள லேபுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

முதுகலை மட்டும் முடித்தவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும். பல பல்கலைக்கழகங்கள் போஸ்ட்டாக்குக்கு எச்-1பி போடும். ரிசர்ச் டெக்னீஷியன், ரிசர்ச் அசிஸ்டென்ட் பதவிகளுக்குப் போடுவதில்லை. பேராசிரியர் நல்ல மனதோடு வாக்குக் கொடுத்தாலும் முடிவெடுப்பது அவரில்லை, சர்வதேச அலுவலகம். அங்கேயே கேளுங்கள்.

லாப நோக்கற்ற ஆய்வு நிறுவனம்

சான் டியேகோ பக்கம் சால்க், ஸ்கிரிப்ஸ், கேம்பிரிட்ஜில் பிராட், சியாட்டிலில் ஃபிரெட் ஹட்சின்சன். இப்படிப்பட்ட இடங்களை மாணவர்கள் போஸ்ட்டாக்குக்கு மட்டுமே நினைக்கிறார்கள். கணினி உயிரியல், புள்ளியியல், மென்பொருள் ஆகியவற்றில் முதுகலை முடித்தவர்களுக்கும் இங்கே வேலை உண்டு. லாப நோக்கற்ற ஆராய்ச்சி அமைப்புகளுக்கும் எச்-1பி உச்சவரம்பு இல்லை. கம்பெனிகளில் தரவு வேலை தேடிக் களைத்த முதுகலை மாணவர்கள் இந்தக் கதவைத் தட்டாமலே கடந்து போவது எனக்கு வருத்தம் தருகிறது. தேடல் பட்டியலில் பாதியை இவற்றுக்கு ஒதுக்குங்கள்.

அரசு ஆய்வகம்

பெத்தெஸ்டாவில் உள்ள என்.ஐ.எச். தன் சொந்த லேப்களில் வெளிநாட்டவரை விசிட்டிங் ஃபெலோவாக எடுக்கிறது. ஆர்கான், ஓக் ரிட்ஜ், லாரன்ஸ் பெர்க்லி போன்ற எரிசக்தித் துறை ஆய்வகங்களிலும் வெளிநாட்டு போஸ்ட்டாக்குகள் இருக்கிறார்கள். ஆனால் பாதுகாப்பு அனுமதி தேவைப்படும் வேலைகள் குடிமக்களுக்கு மட்டும். விளம்பரத்தின் அடிப்பகுதியில் இருக்கும் தகுதி வரியை முதலில் படித்தால் வீணாகும் விண்ணப்பங்கள் குறையும்.

உதவித்தொகையிலும் இதே கவனம் தேவை. என்.ஐ.எச்.சின் எஃப்32, டி32 ஆகியவை குடிமக்களுக்கும் பச்சை அட்டைக்காரர்களுக்கும் உரியவை. போஸ்ட்டாக்கிலிருந்து பேராசிரியர் பதவிக்குப் பாலமாகும் கே99/ஆர்00 விருதுக்கு வெளிநாட்டவரும் விண்ணப்பிக்கலாம்.

கம்பெனி

சம்பளம் அதிகம், கருவிகள் புதியவை, வேலை வேகமானது. ஆனால் எச்-1பி உச்சவரம்பு உண்டு. ஸ்டெம் பட்டதாரிக்கு ஓ.பி.டி.யின் மூன்று வருடங்களில் பெரும்பாலும் மூன்று மார்ச் மாதங்கள் வாய்க்கும். ஆகவே முதல் மார்ச்சிலேயே பதிவு செய்வார்களா என்று நேர்முகத்தின் முடிவில் கேளுங்கள். 'ஒரு வருடம் பார்த்துவிட்டு' என்பது பதிலானால், மூன்று வாய்ப்பில் ஒன்று போய்விட்டது என்று கணக்கிடுங்கள். சிறிய ஸ்டார்ட்அப் என்றால் ஈ-வெரிஃபை பதிவையும் சரிபாருங்கள். அது இல்லாமல் இரண்டாம் வருடம் அங்கே தொடர முடியாது.

நம்மவர்கள் நடத்தும் சில கன்சல்டன்சிகள், வேலை இல்லாமலேயே பேரோல் ஓட்டி 90 நாள் கணக்கை நிறுத்தித் தருவதாகச் சொல்வார்கள். அதை ஏற்காதீர்கள். இல்லாத வேலையைப் பதிவது மோசடி. பல வருடம் கழித்து எச்-1பி அல்லது பச்சை அட்டை ஆய்வில் அது வெளிவந்தால் திருத்த வழி இருக்காது.

ஜே-1 கொடுத்தால்?

போஸ்ட்டாக் ஆஃபரோடு ஜே-1 விசாவும் நீட்டப்படலாம். ஆய்வாளர் பிரிவில் அது ஐந்து வருடம் வரை நீளும். துணைவரும் அனுமதி பெற்று வேலை செய்யலாம். ஆனால் முடிந்தபின் அதே பிரிவில் திரும்பி வர 24 மாதம் காத்திருக்க வேண்டும். சிலருக்கு இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருந்த பிறகே எச்-1பியோ பச்சை அட்டையோ கிடைக்கும். எந்த நாட்டவருக்கு இது பொருந்தும் என்று சொல்லும் அமெரிக்க அரசின் திறன் பட்டியல் 2024 டிசம்பரில் புதிதாக வெளியானது; அதில் இந்தியா இல்லை என்பதால் இந்தியர் பலருக்கு அந்தக் கட்டு தளர்ந்திருக்கிறது. அரசுப் பணத்தில் வருவோருக்கு அது இன்னும் உண்டு.

ஓ.பி.டி. மிச்சமிருந்தால் போஸ்ட்டாக்கை அதிலேயே தொடங்கக் கேளுங்கள். ஓ.பி.டி. உங்களுக்கு உரியது, லேப் மாறினாலும் கூட வரும். ஜே-1 அதை வழங்கிய நிறுவனத்தைச் சார்ந்தது.

யாருக்கு எது?

கடைசியில் கம்பெனியில்தான் இருக்கப்போகிறீர்கள் என்றால் ஓ.பி.டி. வருடங்களைக் கம்பெனியிலேயே செலவிடுங்கள். பல்கலைக்கழக எச்-1பியில் ஐந்து வருடம் இருந்துவிட்டுக் கம்பெனிக்கு மாறினாலும் லாட்டரியில் முதல்முறையாக நிற்க வேண்டியிருக்கும்; அப்போது தோற்றால் தாங்க ஓ.பி.டி. இருக்காது.

பேராசிரியர் ஆவதுதான் குறி என்றால் லாட்டரிக் கவலையை விட்டுவிட்டு, மானியம் உறுதியான, கட்டுரை வெளியிட விடும் லேபைத் தேர்ந்தெடுங்கள். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இ.பி.-2 பச்சை அட்டை வரிசை பத்தாண்டைத் தாண்டி நீள்கிறது. வெளியீடுகளும் மேற்கோள்களும் இ.பி.-1 பிரிவுக்கு வழி திறக்கக்கூடியவை.

இன்னும் முடிவெடுக்காதவர்களுக்கு லாப நோக்கற்ற ஆய்வு நிறுவனமே என் பரிந்துரை. சம்பளம் பல இடங்களில் பல்கலைக்கழகத்தைவிட மேல், லாட்டரியும் இல்லை, அங்கே கற்ற திறமையைக் கம்பெனிகளும் மதிக்கும்.

எந்த வழியானாலும் அமெரிக்காவுக்குள் இருக்கும்போதே விசா நிலையை மாற்றிக்கொள்ளும்படி திட்டமிடுங்கள். 2025 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட 1,00,000 டாலர் எச்-1பி கட்டணம் வெளிநாட்டில் இருப்போருக்கான புதிய மனுக்களைக் குறிவைக்கிறது. பல்கலைக்கழகங்களுக்கும் அதில் பொது விலக்கு இல்லை. விதிகள் மாறிக்கொண்டிருப்பதால் ஒவ்வொரு படியிலும் உங்கள் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அதிகாரியான டி.எஸ்.ஓ.வைக் கேட்டு உறுதி செய்யுங்கள்.

ஆஃபர் வந்ததும் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: ஈ-வெரிஃபை இருக்கிறதா, இந்தப் பதவிக்கு எச்-1பி போடுவார்களா, சம்பளத்துக்கான பணம் எந்தத் தேதி வரை இருக்கிறது? இவற்றைக் கேட்பதால் நல்ல நிறுவனம் எதுவும் ஆஃபரைத் திரும்பப் பெறாது. பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் 10,000 டாலர் கூடுதலாகக் கொடுத்தாலும், தெளிவாகப் பதில் சொல்லும் இடத்துக்கே போங்கள்.