பேரன் கையில் நாகஸ்வரம்: இளம் கலைஞருக்குக் கடிதம்

நாகஸ்வர வித்வான் ஷேக் சின்ன மௌலானா 1924ஆம் ஆண்டு மே மாதம் ஆந்திரத்தின் ஒங்கோலை அடுத்த கரவதியில் பிறந்தார். தலைமுறை தலைமுறையாகக் கோயில்களில் நாகஸ்வரம் வாசித்துவந்த இஸ்லாமியக் குடும்பம் அவருடையது. பிரகாசம், குண்டூர் மாவட்டங்களில் இப்படிப்பட்ட குடும்பங்கள் பல உண்டு. வீட்டில் தொழுகை, கோயிலில் சுவாமி புறப்பாட்டுக்கு வாசிப்பு என்பது அவர்களுக்கு இயல்பான வாழ்க்கை. முதல் பாடம் தந்தை காசிம் சாகிபிடம். அடுத்த பாடம் சிலகலூரிப்பேட்டை ஆதம் சாகிபிடம்.

அவர் இளைஞராக இருந்த காலம் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் காலம். பிள்ளையவர்களின் ராக ஆலாபனை தஞ்சாவூர் எல்லை தாண்டித் தென்னாடு முழுவதையும் கட்டிப்போட்டிருந்தது. அந்த வாசிப்பில் மனம் பறிகொடுத்த சின்ன மௌலானா, தஞ்சாவூர் பாணியை முறையாகக் கற்றே தீருவது என்று நாச்சியார்கோவில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் சேர்ந்தார். இளம் நாகஸ்வரக் கலைஞர் நின்று கவனிக்க வேண்டிய இடம் இதுதான். கைப்பழக்கம் ஏற்பட்டுவிட்ட ஒரு வித்வான், வேறொரு மொழி பேசும் ஊரில், மறுபடியும் மாணவராக உட்கார்ந்தார்.

அது எவ்வளவு கடினம் என்பது வாத்தியத்தின் அமைப்பிலேயே தெரியும். நாகஸ்வரத்தில் விரல் வைத்து வாசிக்கும் துளைகள் ஏழு. அதற்குக் கீழே உள்ள ஐந்து துளைகள் மெழுகு வைத்துச் சுருதியைச் சரிசெய்துகொள்ள மட்டுமே. ஏழு துளைகளுக்குள் எல்லா ராகங்களின் எல்லா அசைவுகளும் அடங்க வேண்டும். துளையைப் பாதி மூடித் திறப்பதிலும், சீவாளியை உதடு அழுத்துவதிலும், மூச்சின் வேகத்திலும்தான் கமகம் பிறக்கிறது. வீணையைப் போல் இங்கே மெட்டுக்கள் இல்லை. இடம் காட்டித் தர எதுவும் இல்லை. காது சொன்னதை உதடு உடனே செய்ய வேண்டும். ஒரு பாணியில் ஊறிய உதட்டை இன்னொரு பாணிக்குப் பழக்குவது, புதிதாகத் தொடங்குவதைவிடக் கடினமான வேலை. அதற்குச் சாதகம் ஒன்றைத் தவிர வேறு வழி கிடையாது. காலையில் கீழ்ஸ்தாயியில் நீண்ட மூச்சு நிறுத்தி வாசிக்கும் பயிற்சியை ஒரு வாரம் விட்டால்கூட, ஆலாபனை நடுவில் மூச்சு அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

1964இல், நாற்பது வயதில், சின்ன மௌலானா ஸ்ரீரங்கத்தில் குடியேறினார். கச்சேரிக்கு வந்துபோவது வேறு, வேரோடு பெயர்ந்து வருவது வேறு. அந்த இசை எந்தக் காற்றில் வளர்ந்ததோ அந்தக் காற்றிலேயே தானும் தன் குடும்பமும் வாழ வேண்டும் என்று எடுத்த முடிவாகவே அதைக் கொள்ளத் தோன்றுகிறது. ராம பக்தியில் தோய்ந்த அவர், ரங்கநாதர் ஊரில் முஸ்லிமாகவே வாழ்ந்தார். அங்கே சாரதா நாகஸ்வர சங்கீத ஆசிரமத்தை நிறுவி, வந்தவர்களுக்கெல்லாம் கற்றுக்கொடுத்தார். 1977இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1998ஆம் ஆண்டுக்கான சங்கீத கலாநிதி விருதைச் சென்னை மியூசிக் அகாடமி வழங்கியது. 1999 ஏப்ரலில் அவர் மறைந்தார்.

தமிழில் பேரன் என்ற சொல் பெயரன் என்பதிலிருந்து வந்தது: பாட்டனாரின் பெயரைத் தாங்குபவன். சின்ன மௌலானாவின் பேரன்கள் இருவர், காசிம், பாபு. மூத்த தலைமுறையின் பெயர் இந்தத் தலைமுறையில் மீண்டும் ஒலிக்கிறது. இருவரும் பாட்டனாரிடமே கற்று, இணைந்து வாசித்துவருபவர்கள். ஒரு பாட்டனார் குரு என்ற நிலையில் செய்யும் வேலை வகுப்பறை ஆசிரியரின் வேலையைப் போன்றதல்ல. பாடத்துக்கு நேரம் குறிப்பதில்லை. சீவாளியை நீரில் நனைத்துப் பதம் பார்க்கும்போதும், நூலில் கோத்த குச்சியால் அதன் வாயைச் சரிசெய்யும்போதும், அடுத்த அறையில் பிள்ளை தப்பு ஸ்வரம் பிடித்ததும் இங்கிருந்தே குரல் கொடுக்கும்போதும் பாடம் நடந்துகொண்டே இருக்கிறது. அப்படிக் கேட்டு வளர்ந்த காது, எழுதிவைத்த ஸ்வரத்தில் இல்லாததையும் எடுத்துக்கொள்கிறது.

ரத்த உறவுக்கு அப்பாலும் சின்ன மௌலானாவின் பாடம் போனது. ஷேக் மகபூப் சுபானி, காலிஷாபி மகபூப் தம்பதியர் ஆந்திரத்திலிருந்து வந்து அவரிடம் பயின்றவர்கள். பெண்கள் அரிதாகவே ஏந்திய இந்த வாத்தியத்தைக் காலிஷாபி மேடையேற்றியதைத் தனியே சொல்லத்தான் வேண்டும். இருவருக்கும் 2020இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

இத்தகைய தந்தையையோ பாட்டனாரையோ இழந்த இளம் கலைஞர், அவர் நினைவைக் காக்கப் படத்துக்கு மாலை போடுவதோடு நின்றுவிடுவது போதாது. பெரியவர் எந்த ஊர் உற்சவத்தில் எந்த வீதி முனையில் எந்த ராகத்தை எடுத்தார், அவர் வாசித்த மல்லாரியின் நடை எது, பல்லவியை எந்த இடத்தில் தொடங்கினார் என்பவற்றை உடன் வாசித்த தவில்காரர்களிடமும் ஒத்து ஊதியவர்களிடமும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அவர்களுக்கும் வயதாகிறது. பழைய ஒலிநாடாக்கள் பூஞ்சை பிடிப்பதற்குள் அவற்றைக் கணினிக்கு மாற்ற வேண்டும். கோயில் புறப்பாட்டு வாசிப்பு பெரும்பாலும் எங்கும் பதிவாகாமலே போய்விடுவதால், குடும்பத்தின் நினைவைத் தவிர அதற்கு வேறு சுவடி கிடையாது.

பெரியவரின் வாத்தியத்தையும் வெறுமனே உறையில் போட்டு வைக்கக் கூடாது. 2022இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்தை ஆச்சா மரத்தில் கடைகிறார்கள். பச்சை மரம் உதவாது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் உத்திரம், தூண் ஆகியவற்றின் கட்டையைத் தேடி வாங்குவார்கள். பல ஆண்டு காய்ந்து ஈரம் போன மரத்தில்தான் நாதம் நிற்கும். கடைந்த பிறகும் அது வாசிக்க வாசிக்கத்தான் பக்குவப்படும். வாசிக்காமல் விட்ட குழலில் நாதம் அடைத்துக்கொள்ளும். பாட்டனாரின் குழலுக்குப் பொருந்தும் சீவாளியைத் தேர்ந்து, வாரத்தில் சில நாளாவது பேரன் அதில் சாதகம் செய்யலாம்.